கிரிப்பன் மாடலுக்குக் கொரியா மஸ்டாங் வண்ணம்: வாலில் பழைய மூவண்ணம் போடலாமா?

மெர்பேங்க் மாணிக்கம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம்.

ரெவெல் கம்பெனியோட 1:72 அளவு கிரிப்பன் சி போர் ஜெட் பிளாஸ்டிக் மாடல் ஒண்ணு ஒட்டி முடிச்சு, சாம்பல் பிரைமர் அடிச்சு, மேசைமேல நிக்குது. மூக்கிலிருந்து வால் வரைக்கும் 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என்ன வண்ணம்னு தீர்மானிச்சுட்டேன். எப்படி அடிக்கிறதுன்னு ரெண்டு சந்தேகம் இருக்கு. அடிக்கலாமான்னு ஒண்ணு இருக்கு, அதுதான் தூங்க விடமாட்டேங்குது.

எங்க டர்பன் நண்பர்கள் குழு 2025-ல சமூகக் கூடத்துல மாடல் காட்சிக்குப் போடற மேசைக்குத் தலைப்பு, இன்றைய போர் விமானம், அன்றைய வண்ணம். நெசமான விமானப்படைங்க செய்யற விஷயந்தான். 2015-ல பிரிட்டன் சண்டையோட (1940-ல ஜெர்மனியோட நடந்த வான்போர்) 75-ஆம் வருஷத்துக்கு பிரிட்டிஷ் விமானப்படை இசட்கே349 எண் டைஃபூன் ஜெட்டை 1940-ஆம் வருஷத்து ஹரிக்கேன் விமானம் மாதிரி பச்சையும் மண்நிறமுமா மாத்தி, பக்கவாட்டுல ஜிஎன்-ஏன்னு எழுதிப் பறக்கவிட்டாங்க. 2011-ல அமெரிக்கக் கடற்படை விமானப் பிரிவு தன்னோட நூற்றாண்டுக்கு ஜெட் விமானங்களுக்கு மஞ்சள் இறக்கையும் உலகப்போர் நீலமும் பூசினாங்க. குழுவுல ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க. நம்ம தென்னாப்பிரிக்காவை யாரும் தொடலை. அதனால நான் எடுத்தேன்.

என் கணக்கு இது. கொரியாப் போருக்கு நம்ம விமானப்படையோட 2-ஆம் ஸ்க்வாட்ரன் (விமானப் பிரிவு) போனது 1950-ல. ஓட்டினது, விமானம் பத்தித் தெரியாத ஆளுங்க கூட அடையாளம் சொல்ற எஃப்-51டி மஸ்டாங், ப்ரொப்பெல்லர் போர் விமானம். அதே ஸ்க்வாட்ரன், அதே ‘பறக்கும் சிறுத்தைகள்’ பேரு, இன்னைக்கு மக்காடோ விமானத்தளத்துல கிரிப்பன் ஓட்டுது. வம்சம் நேரா வருது. வம்சம் இல்லாம பழைய வண்ணம் பூசினா அது மாறுவேஷப் போட்டிதான்; இங்க அப்படி இல்லை. 97 மஸ்டாங்குல 74 போச்சு, 34 விமானிங்க செத்தாங்க. 75 வருஷம் கழிச்சு ஒரு விமானத்துல அதை எழுதி வைக்கத் தகுந்த கதைன்னு நான் நம்புறேன்.

முதல் சந்தேகம்: மஸ்டாங் வெள்ளி. கிரிப்பனை மூக்கு நுனி வரைக்கும் வெள்ளியா அடிக்கலாமா? நெசமான விமானத்துக்கு அப்படி அடிப்பாங்களா? மாடல் கற்பனைதான்னாலும், நெசத்துல நடக்கக்கூடிய கற்பனையா இருக்கணும்னு ஆசை.

ரெண்டாவது: ஆல்கிளாட் மாதிரி லாக்கர் (சீக்கிரம் காயற பெயின்ட்) வெள்ளியை நம்ம ஊரு ஈரத்துல எப்படி அடிக்கிறது? மெர்பேங்க்ல கடல் காத்து, கரி, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்துத் தூசி எல்லாம் ஒண்ணா வருது. தெளிவா அடிச்ச வெள்ளி பால் ஊத்தின மாதிரி வெளுத்துப்போறதை இங்க எல்லாரும் பாத்திருப்பீங்க.

மூணாவது: வால். அந்தக் காலத்து நம்ம விமானங்களோட வாலுல ஆரஞ்சு, வெள்ளை, நீலப் பட்டை இருக்கும். 1928-லிருந்து 1994 வரைக்கும் இருந்த கொடியோட நிறம். அதைப் போடாம கொரியா மஸ்டாங்னு சொல்ல முடியுமா? போட்டா, அதைக் கூடத்துல எங்க ஜனங்க முன்னாடி வைக்க முடியுமா?

இதை வெறும் வாதத்துக்காகக் கேக்கலை. 2-ஆம் ஸ்க்வாட்ரன் கப்பல் ஏறினது எங்க டர்பன் துறைமுகத்துல, 1950 செப்டம்பர் 26, ட்ஜிசடானேங்கிற கப்பல். ஸ்க்வாட்ரன்ல எல்லாரும் வெள்ளைக்காரங்க; வேற யாரையும் விமானியா எடுக்கிற நாடு இல்லை அது. அதே வருஷம் ஜூலை மாசம்தான், எந்த இனம் எங்க குடியிருக்கணும்னு பிரிச்ச குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. எங்க தாத்தா ரெண்டாம் உலகப்போர்ல இந்திய மலாய் படைப்பிரிவுல லாரி ஓட்டினவர். வட ஆப்பிரிக்கா வரைக்கும் போய்ட்டு வந்தார். துப்பாக்கி கொடுக்கலை, வண்டி மட்டும் கொடுத்தாங்க. திரும்பி வந்து டர்பன்ல இந்தியத் தொழிலாளிங்க குடியிருந்த மகசின் பாரக்ஸ்ல ஒரே அறையில குடும்பம் நடத்தினார். அறுபதுகள்ல அங்கிருந்து, இந்தியர்களுக்குன்னு ஒதுக்கின சாட்ஸ்வொர்த்துக்கு அள்ளிப் போட்டாங்க. அவரோட சர்வீஸ் பதக்கம் ஒரு தகர டப்பாவுல எங்கிட்ட இருக்கு, அதோட ரிப்பன்லயும் ஆரஞ்சு இருக்கு.

நான் டீகால் (மாடல்மேல ஒட்டற சின்னங்கள்) தாளைப் பாத்துக்கிட்டிருந்தப்போ என் மக பின்னாடி வந்து நின்னா. ‘அப்பா, அந்த நிறத்தை வீட்டுக்குள்ள ஏன் கொண்டு வரீங்க’ன்னு கேட்டா. கோபமா கேக்கலை. அதனாலதான் பதில் சொல்ல முடியலை.

உங்க கருத்தை நேராச் சொல்லுங்க.


பீனிக்ஸ் ஸ்ப்ரேகன்

மாணிக்கம் அண்ணே, நான் இருபது வருஷத்துக்கு மேல பேனல் பீட்டிங் (அடிபட்ட கார் சரிசெய்யற) கடையில ஸ்ப்ரே அடிச்சவன், இப்போ மாடல்தான் பொழுது. முதல் ரெண்டுக்கும் நான் பதில் சொல்றேன், மூணாவதைப் பெரியவங்க சொல்லட்டும்.

மூக்கை வெள்ளி அடிக்காதீங்க. கிரிப்பனோட மூக்குக்குள்ள ரேடார் இருக்கு. அந்த மூக்குக் கூடு (ரேடோம்) ரேடியோ அலை ஊடுருவிப் போகற மாதிரி கண்ணாடியிழையில செஞ்சது. உலோகத் துகள் கலந்த பெயின்ட் அதுமேல போனா அலையைத் தடுக்கும், திருப்பி அடிக்கும். அதனால மூக்குல ரேடார் வெச்சு வெள்ளி வண்ணத்துல பறந்த ஜெட்டுங்களைப் பாத்தா, மூக்கு பெரும்பாலும் கறுப்பாவோ சாம்பலாவோ வேற நிறமா இருக்கும். வால் நுனியில ஆன்டெனா மூடியும் அப்படித்தான். அந்த ரெண்டு இடத்தையும் சாதா சாம்பல்ல விட்டுடுங்க, பாக்கிறவங்க யாராவது விவரம் தெரிஞ்சவங்களா இருந்தா உங்க மாடலை ரெண்டாவது தடவை பாப்பாங்க.

இன்னொண்ணு. கிரிப்பன்ல வெள்ளியா தெரியறதுக்குக் கீழே எல்லா இடத்துலயும் உலோகம் இருக்குன்னு நினைக்காதீங்க. இறக்கை மேல்தோல், முன்னால இருக்கிற சின்ன இறக்கை, வால் எல்லாம் கார்பன் இழை. மெருகேத்தின அலுமினியம்னு ஒண்ணு அந்த விமானத்துல வெளியே காட்டறதுக்கே இல்லை. ஆகவே நெசமா செஞ்சா அது வெள்ளிப் பெயின்ட்தான். இது உங்களுக்கு நல்ல செய்தி. ஏன்னா மஸ்டாங்கும் முழுசா உலோகமாத் தெரியலை. அதோட உடம்புதான் வெறும் அலுமினியம். இறக்கையில காத்து வழுக்கிப் போகணும்னு தொழிற்சாலையிலயே ரிவெட் இடுக்கை எல்லாம் புட்டி வெச்சு அடைச்சு, தேய்ச்சு, மேலே அலுமினியம் லாக்கர் அடிச்சாங்க. கொரியாவுல எடுத்த படங்கள்ல உடம்பு ஒரு பளபளப்பு, இறக்கை இன்னொரு மங்கல். அந்த வித்தியாசத்தை கிரிப்பன்ல கொண்டு வாங்க: உடம்புக்கு மெருகு வெள்ளி, இறக்கைக்கும் முன்இறக்கைக்கும் மங்கின அலுமினியம். அப்பத்தான் இது மஸ்டாங் நினைவுன்னு ஒரு வார்த்தை எழுதாமலே தெரியும். மஸ்டாங் மூக்குமேல விமானி கண்ணுல வெயில் அடிக்காம இருக்க ஒரு கரும்பச்சைப் பட்டை ஓடும், அதையும் காக்பிட் முன்னால இழுத்து ரேடோம் வரைக்கும் விடுங்க. ரேடோம் ஏன் வேற நிறம்னு கேள்வியே வராது.

நெசமான விமானத்துல மெலிசாத்தான் அடிப்பாங்க, அதையும் சொல்லிடறேன். வால், இறக்கையோட அசையற பாகங்கள் எடை சமன் பாத்துப் பொருத்தினது. பெயின்ட் தடிமனா ஏறினா அதிர்வு வந்து ஆபத்தாகும். அதனால சில விமானங்களுக்குப் பட்டையையும் எழுத்தையும் ஒட்டுத்தாளா ஒட்டுவாங்க. பிரிட்டிஷ்காரங்க 1991 வளைகுடாப் போர்ல டொர்னாடோவுக்கு அடிச்ச பாலைவன இளஞ்சிவப்பு கழுவி எடுக்கற தற்காலிகப் பெயின்ட். 2016-ல 25 வருஷ நினைவுக்கு இசட்ஜி750 எண் டொர்னாடோவை அதே இளஞ்சிவப்புக்குக் கொண்டு வந்தாங்க. மாடல்லயும் அதே பாடந்தான்: பட்டை ஓரத்துல விரலால தடவினா மேடு தெரியக் கூடாது.

ஈரம். லாக்கர்ல இருக்கிற தின்னர் சீக்கிரம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா அந்தக் குளிர்ந்த இடத்துல நீர் படியும், அதுதான் வெளுப்பு. ஜனவரி, பிப்ரவரில நம்ம ஊருல லாக்கர் பக்கம் போகாதீங்க. ஜூன், ஜூலையில உள்நாட்டுக் காத்து அடிக்கிற நாளா, மத்தியானம் பதினொண்ணுக்கு மேல, அடிங்க. மழை பெஞ்சு மறுநாள் வேண்டாம். கம்ப்ரசர் குழாயில தண்ணி பிடிக்கிற குப்பி கட்டாயம் போடுங்க, டர்பன்ல அது அரை நாள்ல பாதி நிறையும். மெதுவா ஆவியாகற ரிடார்டர் கலந்த தின்னரைக் கொஞ்சம் சேத்தா வெளுப்பு பெரும்பாலும் வராது. அடியில பளபளக் கறுப்பு. கறுப்புல தூசி, நார், விரல் ரேகை எது இருந்தாலும் வெள்ளி அதைப் பத்து மடங்கா காட்டும், அதனால கறுப்பை ஒரு ராத்திரி மூடி வெச்சு, காலையில வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்துட்டு அப்புறம் வெள்ளி. காத்தழுத்தம் 12 முதல் 15 பிஎஸ்ஐ, மூணு நாலு தடவை மூடுபனி மாதிரி. ஒரே தடவையில மூட நினைச்சா வெள்ளி வெறும் சாம்பலா நிக்கும்.


சாட்ஸ்வொர்த் டீச்சர்

மாணிக்கம், உங்கள் தாத்தாவின் கதையை எழுதியதற்கு நன்றி. என் அப்பாவும் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்க்கப்பட்டவர். தோட்டத்தில் இருந்த மாமரத்தை வெட்டி எடுத்துவர முடியவில்லை என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். விமானம் எனக்குத் தெரியாது. கொடியும் சட்டமும் தெரியும்.

முதலில் சட்டம். 2019 ஆகஸ்ட் 21 அன்று சமத்துவ நீதிமன்றத்தில் நீதிபதி மொஜாபெலோ, பழைய கொடியைக் காரணமின்றிப் பொதுவெளியில் காட்டுவது வெறுப்புப் பேச்சு, பாகுபாடு, துன்புறுத்தல் என்று தீர்ப்பளித்தார். நெல்சன் மண்டேலா அறக்கட்டளை தொடுத்த வழக்கு அது. உண்மையான கலை, கல்வி, பத்திரிகைப் பணிகளுக்கு விலக்கு உண்டு. பொதுவெளி பற்றிய அந்தத் தீர்ப்பை 2023-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. உங்கள் வால் பட்டை முழுக் கொடி அல்ல, மூன்று நிறம் மட்டுமே. நீங்கள் வைப்பதும் ஒரு வரலாற்றுக் காட்சி. ஆகவே யாரும் உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் கூடத்துக்கு வருகிறவர்கள் தீர்ப்பைப் படித்துவிட்டு வரமாட்டார்கள். எண்பது வயது அம்மா ஒருவர் பேரனுடன் வருவார். அவர் அந்த நிறத்தைப் பார்க்கும் கணத்தில் அவர் மனதில் என்ன வரும் என்பதுதான் உங்கள் கேள்வி. உங்கள் மகள் கேட்டதும் அதுவே.

இரண்டாவது, இப்படித் தேர்ந்தெடுப்பதில் நீங்கள் தனி இல்லை. ஜெர்மானியர்களைப் பாருங்கள். 2013-இல் தங்கள் ஃபாண்டம் போர் விமானங்களைப் பணியிலிருந்து வழியனுப்பும்போது 37+01 என்ற எண்ணுடையதை அது முதலில் வந்தபோது இருந்த எழுபதுகளின் பச்சை-சாம்பல் வண்ணத்துக்கே திருப்பினார்கள். அதாவது தங்கள் ஜனநாயக நாட்டுப் படையின் கடந்தகாலத்துக்குப் போனார்கள், அதற்கு முன்னால் போகவில்லை. 74-ஆவது படைப்பிரிவுக்கு மோல்டர்ஸ் என்ற விமானியின் பெயர் இருந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அவர் ஹிட்லர் அனுப்பிய காண்டோர் படையில் பறந்தவர் என்பதற்காக 2005-இல் பாதுகாப்பு அமைச்சர் ஷ்ட்ரக் அந்தப் பெயரையே எடுத்துவிட்டார். பறப்பில் அவர் திறமைசாலி என்பதை யாரும் மறுக்கவில்லை. ஒரு நாட்டின் படை இன்று எதைத் தன் உடம்பில் எழுதிக்கொள்கிறது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

அதனால் என் கருத்து: மஸ்டாங்கின் வெள்ளி, கரும்பச்சைப் பட்டை, சிறுத்தை எல்லாம் வையுங்கள். அந்த 34 பேரும் ஏதோ ஒரு தாயின் பிள்ளைகள். வாலில் மட்டும் இன்றைய கொடி.


லாடியம் லோகன்

மாணிக்கம் அண்ணே, டீச்சர், மன்னிக்கணும், நான் வேற பக்கம் நிக்கிறேன்.

நான் பிரிட்டோரியா பக்கம் லாடியத்துல இருக்கேன். ஸ்வார்ட்கொப் விமானப்படை அருங்காட்சியகம் எங்களுக்குப் பக்கம். அங்க மஸ்டாங் 325 நிக்குது, ‘பாட்ஸி டான்’னு பேர் எழுதினது. சேபர், வாம்பயர், மிராஜ் ஜெட்டுங்க எல்லாம் அந்தந்தக் காலத்துச் சின்னத்தோடதான் நிக்குது. 1957-க்கு அப்புறம் வந்த விமானங்கள்ல கேப் டவுன் கோட்டையோட ஐங்கோணத்துக்குள்ள ஸ்பிரிங்பொக் மான். யாரும் அதைச் சுரண்டி எடுக்கலை. எடுக்கவும் கூடாது. என் அப்பா என்னைச் சின்ன வயசுல கூட்டிட்டுப் போகும்போது அந்த மானைக் காட்டி, ‘இது இருந்தப்போ நம்மாளு வேலி வரைக்குந்தான் வர முடியும்’னு சொன்னார். மான் அங்க இருந்ததாலதான் சொன்னார். மானை அழிச்சிருந்தா அவரு என்ன காட்டிச் சொல்லியிருப்பாரு?

வெள்ளியைப் போட்டுட்டு வாலை மாத்தினா, அந்த ஸ்க்வாட்ரன் ஏதோ 1994-க்கு அப்புறம் கொரியாவுக்குப் போன மாதிரி ஆயிடும். அழகான பகுதியை மட்டும் வெச்சுக்கிட்டு அசிங்கமானதை மறைச்சதா எனக்குப் படுது. முழுசாப் போடுங்க. பக்கத்துல ஒரு அட்டையில கப்பல் தேதியும் சட்டத்தோட தேதியும் எழுதுங்க. வர்ற பிள்ளைங்க படிக்கட்டும்.

தொழில் விஷயம் ஒண்ணு. வெள்ளிமேல டீகால் ஒட்டறப்போ ஓரத்துல வெள்ளை வெள்ளையா காத்து மாட்டிக்கும். மங்கின அலுமினியத்துலதான் இது மோசம். முதல்ல கிளியர் பளபளப்பு ஒரு பூச்சு, அப்புறம் மைக்ரோ செட் (ஒட்டவைக்கிற திரவம்), டீகால், மைக்ரோ சால் (டீகாலை இளக்கற திரவம்), எல்லாம் காஞ்சப்புறம் மங்கல் பூச்சு. ஆல்கிளாட் மெருகு வெள்ளிமேல தடிமனா கிளியர் போட்டா பளபளப்பு செத்துப்போகும், உடம்புப் பக்கம் டீகால் ஒட்டற இடத்துல மட்டும் போடுங்க.


கேப் டவுன் குமரேசன்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். மாணிக்கம் அண்ணே சொன்ன அந்த ஜிஎன்-ஏ டைஃபூன் விஷயத்துல ஒரு நம்மூர்த் தொடர்பு இருக்கு, குழுவுல அதைச் செய்யறவருக்குச் சொல்லுங்க. ஜிஎன் என்பது 249-ஆம் ஸ்க்வாட்ரன். அந்த ஹரிக்கேனை ஓட்டின ஜேம்ஸ் நிக்கல்சன் 1940 ஆகஸ்ட் 16 அன்னைக்கு விமானம் எரியும்போதே சண்டையைத் தொடர்ந்தவர், போர்விமானப் பிரிவுல விக்டோரியா சிலுவை வாங்கின ஒரே ஆள். அதே ஸ்க்வாட்ரன்ல தென்னாப்பிரிக்கர்களும் இருந்தாங்க: ஆல்பர்ட் லூயிஸ், பெர்சி பர்ட்டன். பர்ட்டன் 1940 செப்டம்பர் 27-ல ஹெயில்ஷம் ஊர் மேலே ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 110 விமானத்தோட மோதி இறந்தார்.

நிக்கல்சன் பின்னாடி பர்மா போர்முனையில 27-ஆம் ஸ்க்வாட்ரனுக்குத் தலைமை தாங்கினார், 1945 மே 2-ல வங்காள விரிகுடாவுல ஒரு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் விழுந்தப்போ இறந்தார். பர்மா முனையில பிரிட்டிஷ் விமானங்களோட வட்டச் சின்னத்துல சிவப்பையே எடுத்துட்டாங்க, ஜப்பான் சூரியன்னு தங்கள் ஆளே சுட்டுடக் கூடாதுன்னு. அமெரிக்காவும் 1942-ல தன் நட்சத்திரத்து நடுவுல இருந்த சிவப்பை எடுத்தது அதுக்குத்தான். நம்ம விமானப்படை உலகப்போர்லயே சிவப்புக்குப் பதிலா ஆரஞ்சு வெச்சிருந்தது. சின்னத்தை மாத்தறது பாவம் இல்லை, போர் நடக்கும்போதே மாத்தியிருக்காங்க. எதுக்காக மாத்தறோம்னு தெரிஞ்சா போதும்.


பீனிக்ஸ் ஸ்ப்ரேகன்

லோகன் தம்பி, அருங்காட்சியகத்துல நிக்கறதும் இதுவும் ஒண்ணா? அங்க நிக்கறது அந்தக் காலத்து விமானமேதான். அண்ணன் செய்யறது இந்தக் காலத்து விமானம். எனக்கு அந்த வித்தியாசம் பெருசாப் படுது. விளக்கமாச் சொல்லத் தெரியலை, அண்ணனே யோசிக்கட்டும்.


லாடியம் லோகன்

நியாயந்தான். ஆனா எதையும் எழுதாம வாலை மட்டும் மாத்தினா நான் ஒத்துக்கமாட்டேன். அதை மட்டும் சொல்லிக்கறேன்.


மெர்பேங்க் மாணிக்கம்

எல்லாருக்கும் மனசார நன்றி. இத்தனை பேர் இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கலை. மக உக்காந்து எல்லாத்தையும் படிச்சா. டீச்சர் எழுதின மாமரம் பத்தி என்கிட்ட நிறைய கேட்டா.

ஸ்ப்ரேகன் தம்பி கேட்ட கேள்விதான் எனக்கு வழி திறந்துது. இப்படி யோசிச்சேன். ஸ்வார்ட்கொப் மஸ்டாங்கோட கடமை, இருந்தது இருந்தபடி நிக்கறது. அதுல மானையோ ஆரஞ்சையோ தொட்டா அது பொய். லோகன் சொல்றது அங்க நூத்துக்கு நூறு சரி. நினைவு வண்ணம் அடிச்ச விமானம் அப்படி இல்லை. அது இன்னைக்கு இருக்கிற படை, இன்னைக்கு இருக்கிற நாட்டு சார்பா, ‘இவங்களை நான் நினைக்கிறேன்’னு சொல்றது. 2015-ல டைஃபூனுக்குப் பச்சை அடிச்சது 2015-ஆம் வருஷத்து விமானப்படை. ஜெர்மன்காரங்க 37+01-க்கு எழுபதுகளோட வண்ணத்தைத் தேர்ந்தெடுத்தது 2013-ல. அப்போ நான் செய்யற கிரிப்பன், ‘மக்காடோவுல இருக்கிற 2-ஆம் ஸ்க்வாட்ரன் 75 வருஷம் கழிச்சு அடிச்சிருந்தா எப்படி இருக்கும்’ங்கிறது. அந்த ஸ்க்வாட்ரன்ல இன்னைக்கு எல்லா நிறத்து ஆளுங்களும் வேலை செய்யலாம். அவங்க அந்த வாலைத் தொட்டுத் துடைச்சு, எரிபொருள் ஊத்தி, அதுல ஏறி உக்காரணும். அந்தப் படை ஆரஞ்சு-வெள்ளை-நீலத்தை வாலுல ஏத்தவே ஏத்தாது. அதனால இன்றைய கொடி போடறது மறைக்கறது இல்லை. என் கற்பனைக்கு அதுதான் உண்மையான வால். சட்டமோ கூட்டத்துப் பயமோ இல்லாமப் பாத்தாலும் இதே இடத்துலதான் வந்து நிக்கறேன்.

ஆனா லோகன் கேட்டது நியாயம். எதையும் எழுதாம மாத்தினா அந்த ஸ்க்வாட்ரன் எந்த நாட்டுலிருந்து கிளம்புச்சுன்னே தெரியாது. அதனால கிரிப்பனுக்குப் பக்கத்துல 1:72 மஸ்டாங் ஒண்ணும் வைக்கப் போறேன். டாமியா மஸ்டாங் கிட் அலமாரில இருக்கு. அது 1950-ல இருந்தபடியே, ஆரஞ்சு உட்பட, ஒரு சின்னமும் விடாம. ரெண்டும் ஒரே அளவு விகிதம். மஸ்டாங் கிரிப்பனைவிடச் சின்னதா, ஆனா இறக்கை நீளமா நிக்கும். பக்கத்துப் பக்கத்துல பாத்தா எதை எடுத்துக்கிட்டோம், எதை விட்டோம்னு கண்ணுக்கே தெரியும்.

அட்டையில எழுத நினைச்சிருக்கிறது இது. டீச்சர், தப்பு இருந்தா திருத்துங்க:

‘1950 ஜூலை 7: குழுப் பகுதிகள் சட்டம் பிரகடனம். 1950 செப்டம்பர் 26: 2-ஆம் ஸ்க்வாட்ரன் டர்பன் துறைமுகத்திலிருந்து கொரியாவுக்குப் புறப்பாடு. அந்தப் போரில் ஸ்க்வாட்ரனின் 34 விமானிகள் இறந்தனர். இடது பக்க விமானம் அவர்கள் ஓட்டியது, அன்றைய கொடியின் நிறத்துடன். வலது பக்கம் அதே ஸ்க்வாட்ரன் இன்று ஓட்டும் கிரிப்பன், நினைவு வண்ணத்தில், இன்றைய கொடியுடன். கப்பல் புறப்பட்ட ஊரில் வாழ்ந்த இந்தியர்கள் பின்னர் இந்தச் சட்டத்தால் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டனர்.’

தமிழ், ஆங்கிலம், ஜூலு மூணுலயும் அடிக்கிறேன். ஜூலு மொழியில மக எழுதித் தர்றதாச் சொல்லியிருக்கா, அவ பள்ளிக்கூடத்துல அது நல்லா வரும்.

வேலை விஷயம். ஸ்ப்ரேகன் தம்பி, நீங்க சொன்ன ரெண்டு வெள்ளி யோசனை பிரமாதம். நேத்து பழைய இறக்கைத் துண்டுமேல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அடிச்சுப் பாத்தேன். ஜன்னல் வெளிச்சத்துல மெருகு வெள்ளியில என் கைவிரல் நிழல் தெரியுது, மங்கல் பக்கம் வெறும் வெளிச்சம் மட்டும் பரவுது. உடம்பும் இறக்கையும் சேர்ற இடத்துல அந்தக் கோடு தானா பேசும். முன்இறக்கை சுழலற இடத்துல மட்டும் ஒரு சந்தேகம்: அது உடம்போட ஒட்டின மாதிரி இருக்கு, உடம்பு வெள்ளியா, இறக்கை வெள்ளியா?


பீனிக்ஸ் ஸ்ப்ரேகன்

இறக்கை வெள்ளிதான் அண்ணே. அசையற பாகம் எல்லாம் மங்கல். தனியாக் கழட்டி, தனியா அடிச்சு, கடைசியில ஒட்டுங்க. உடம்புல அது போய்ச் சேர்ற வட்டத்தை மட்டும் மாஸ்கிங் டேப்பால மூடிடுங்க, இல்லைன்னா பசை பிடிக்காது. ஆல்கிளாட்மேல பசை நிக்காம உரிஞ்சு வரும்.


சாட்ஸ்வொர்த் டீச்சர்

அட்டை நன்றாக இருக்கிறது. ஒரே திருத்தம்: ‘அகற்றப்பட்டனர்’ என்பதற்குப் பக்கத்தில் கேட்டோ மேனர், மகசின் பாரக்ஸ் என்று இடப் பெயர்களை எழுதுங்கள். வருகிறவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். இந்தியர்கள் மட்டுமல்ல, கேட்டோ மேனரிலிருந்து ஆப்பிரிக்கக் குடும்பங்களும் விரட்டப்பட்டார்கள். ஜூலுவில் படிக்கப் போகிறவர்கள் அதைக் கேட்பார்கள், கட்டாயம் சேருங்கள். தாத்தாவின் பதக்கத்தையும் வைக்கப் போகிறீர்களா?


மெர்பேங்க் மாணிக்கம்

ரெண்டு திருத்தமும் சேத்துட்டேன் டீச்சர். பதக்கம் வைக்கிறதைப் பத்தி என் அண்ணன்கிட்ட கேக்கணும், அது எனக்கு மட்டும் சொந்தம் இல்லை.

லோகன், உங்ககிட்ட ஒரு உதவி. ஸ்வார்ட்கொப் போகும்போது மஸ்டாங் 325-ஓட இறக்கை உடம்போட சேர்ற இடத்தையும், வாலையும் பக்கத்துல போய்ப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? வெயில் நேரா விழாத பக்கமா எடுங்க, நிறம் சரியாத் தெரியும். 1:72-ல கொரியா டீகால் யாருகிட்டயாவது மிச்சம் இருந்தா சொல்லுங்க, தபால் செலவு என்னோடது.


லாடியம் லோகன்

அடுத்த சனிக்கிழமை போறேன் அண்ணே. வாலை ரெண்டு பக்கமும் எடுத்து அனுப்பறேன். டீகால் என்கிட்ட 1:48 தான் இருக்கு, 1:72 எங்க குழுவுல ஒருத்தர்கிட்ட கேட்டுச் சொல்றேன்.